பச்சைக் குழாய்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்தால் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க மாட்டார்கள். "மாடமெல்லாம் வச்சி, டைல்ஸ் ஒட்டி எவ்ளோ அழகா பண்ணியிருக்கீங்க. அந்தக் குழாயை மட்டும் ஏன் அப்படியே விட்டுட்டீங்க?" கொஞ்சம் உரிமை உள்ளவர்கள் என்றால் பாதியில் காசு தீர்ந்துபோச்சா என்றும் கேட்பார்கள். ஆமாம், தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விடுவேன். எனக்கு வாய் நீளம் என்று நெல்லித்தோப்பில் ஒரு பேர் உண்டு. நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் பில் போடும் இடத்தில் என்னோடு மல்லுக்கு நிற்கிறவர்களை ஒரு வழி பண்ணித்தான் அனுப்புவேன். இந்தக் குழாய் விஷயத்தில் மட்டும் என் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும்.

அந்தக் குழாய் ஒரு காலத்தில் மூடித்தான் இருந்தது. ஏழு மாதம் மூடியிருந்தது.

சுனாமி வந்த மறு வருஷம் அது. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அம்மா போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. தம்பி பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய்விட்டான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களை நான் சும்மா விட்டதில்லை, அதனால் அதை அப்படியே விட்டுவிடலாம். அப்பா மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் நின்றே வேலை பார்த்ததில் இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. நடப்பார், மெதுவாக நடப்பார். உட்கார்ந்தால் எழுந்திருப்பதுதான் பெரும்பாடு.

ஆனால் பாத்ரூமுக்கு அவர் தனியாகத்தான் போவார், தனியாகத்தான் வருவார். அதில் அவருக்கு ஒரு வைராக்கியம். வீட்டில் இருப்பது ஒரே ஒரு பொம்பளை, அதுவும் பெற்ற மகள். என் கையால் அந்த மாதிரி ஒரு உதவி வாங்கும் நாள் வரக்கூடாது என்பது ஒன்றுதான் அவர் கடவுளிடம் கேட்டுக்கொண்டது. என்னிடம் அதைச் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரியவேண்டுமா? தன் உள்துணியைத் தானே துவைத்துக் கொல்லைக் கொடியில் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவார். பாத்ரூமுக்குப் போகும்போது கூடத்தில் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுப் போவார். மலச்சிக்கல் என்று என்னிடம் வாய் திறந்து சொன்னதே கிடையாது. முகத்தைப் பார்த்து நானே கடையிலிருந்து இசப்கோல் பாக்கெட் கொண்டுவந்து மேஜையில் வைப்பேன். மறுநாள் அது பிரிக்கப்பட்டிருக்கும். அதைப் பற்றி அவரும் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன்.

பழைய பாத்ரூம் வெறும் சிமெண்ட் தரை, சுண்ணாம்புச் சுவர். அப்பாவின் முட்டிக்காக ஏழெட்டு வருஷம் முன்னாலேயே வெஸ்டர்ன் கம்மோடு போட்டிருந்தோம். அதற்கு வலது பக்கம், மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்குப் போகும் இரும்புக் குழாய் மேலிருந்து கீழ் வரை சுவரோடு இறங்கும். அப்பா தன் கையாலேயே போட்ட குழாய். இரண்டு அடிக்கு ஒரு கிளாம்பு, கிளாம்புக்குப் பின்னால் ஒரு மரக்கட்டை. குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். அப்படி விட்டால்தான் சுவரின் ஈரம் பட்டுத் துருப்பிடிக்காதாம். அதற்குப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார். "இதுல யானையையே கட்டலாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

எனக்கு அந்த பாத்ரூம் பிடிக்காது. சோப்பு வைக்க இடமில்லை. ஆணியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் வைத்தால் எலி தின்றுவிடும். சீயக்காய், மஞ்சள், ஷாம்பூ, தேய்க்கிற கல் எல்லாவற்றையும் ஒரு பக்கெட்டில் போட்டுத் தினமும் அறைக்கும் பாத்ரூமுக்கும் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். நாற்பத்தைந்து வயதில் ஒரு பொம்பளைக்குத் தன் சாமானை வைக்க ஒரு சாண் இடம் வேண்டும் என்று தோன்றுவது பெரிய பாவமா? பாவம் இல்லைதான்.

தம்பி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த நேரம் பார்த்து போன் பண்ணுவான். அந்த ஏப்ரலில் சொன்னான்: "அக்கா, ஆகஸ்ட்ல வக்கான்சு லீவுக்கு எல்லாரும் வர்றோம். போன தடவை பிள்ளைங்க அந்த பாத்ரூமுக்குள்ள போகவே மாட்டேன்னு அழுததுங்கல்ல? இந்தத் தடவை அதை மொத்தமா மாத்திடலாம். அப்பாவுக்கும் வசதியா இருக்கும்." அடுத்த பத்து நாளில் தபாலில் ஒரு கவர் வந்தது. அங்கே ஏதோ கடையில் கொடுத்த விளம்பரப் புத்தகத்திலிருந்து கிழித்த நான்கு பக்கம். வெள்ளை வெளேர் என்று பாத்ரூம். சுவருக்குள்ளேயே மாடம் மாடமாகக் குடைந்து, உள்ளே டைல்ஸ் ஒட்டி, அதில் பாட்டில்களை அடுக்கியிருந்தார்கள். ஒரு குழாய்கூட வெளியில் தெரியவில்லை. அந்தப் படங்களில் மனுஷர் யாரும் இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. மாடத்தைத்தான் பார்த்தேன். கீழே ஒன்று, மேலே ஒன்று. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிக்கிற எனக்குக் கைக்கு எட்டுகிற உயரத்தில் கீழ் மாடம். படத்தை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளாத குறை.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல குழாய் எங்க?"

"உள்ள வச்சி மூடிடுவாங்களாம். பாக்ஸ் மாதிரி கட்டி மேல டைல்ஸ் ஒட்டிட்டா சுவர் மாதிரியே இருக்குமாம்."

"மூடிட்டா ஒழுகினா எப்படித் தெரியும்? குழாய் இருந்துட்டுப் போவுதே."

"தம்பி ஆசைப்படுறான்பா."

தம்பி ஆசைப்படுகிறான் என்றால் அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு கிடையாது. அப்பா படத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார். தம்பி மேல் பழியைப் போட்டேனே தவிர ஆசை எனக்கும்தான் இருந்தது.

ஜூனில் வேலைக்கு வந்தவர் பிள்ளைச்சாவடிக்காரர். டைல்ஸ் மேஸ்திரி, முப்பத்தைந்து வயது இருக்கும். கை சுத்தம், வாய் ஓயாது. படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மாதாவை வைக்கிற மாடத்தையெல்லாம் பாத்ரூம்ல கட்டச் சொல்றாரா உங்க தம்பி?" என்று சிரித்தார். "மாதாவை இல்ல, ஷாம்பூவை வைக்க" என்றேன். "ஷாம்பூவுக்குக் கோயிலா? வெள்ளைக்காரன் ஊருக்குப் போனா புத்தி எப்படியெல்லாம் போவுது பாருங்க" என்றார். ஆனால் வேலையில் விளையாட்டு இல்லை. ஒன்பது அங்குலச் சுவரில் பாதி ஆழம் மட்டும் குடைந்தார். தாண்டினால் அந்தப் பக்கத்துச் சுவர் விரிந்துவிடும் என்று உளியைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். மாடத்தின் அடித்தளத்தை ஒரு நூல் முன்னால் சாய்த்தார், தண்ணீர் தேங்காமல் வழிந்துவிட. ஓரத்து டைல்ஸை இரண்டு பக்கமும் சாய்வாக அறுத்து ஒன்றோடு ஒன்று சேர்த்தபோது இடையில் ஒரு மயிரிழை தெரியவில்லை. நான் மத்தியானம் கடை சாத்திச் சாப்பிட வருகிற நேரத்திலெல்லாம் அங்கேயே நின்று பார்ப்பேன். சோறு ஆறிப்போகும்.

மூன்றாம் நாள் குழாயை மூட வேண்டும். இரண்டு பக்கமும் செங்கல்லைக் குத்தாக நிறுத்திக் கட்டி, முன்னால் கம்பி வலை வைத்துப் பூசி, அதன்மேல் டைல்ஸ். மேஸ்திரி குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். நான் வாசல்படியில் நின்றிருந்தேன். அப்பாவும் என்ன நடக்கிறது என்று பார்க்க எழுந்து வந்திருந்தார்.

"இன்னாக்கா இது, இந்த எடத்துல மட்டும் பெயிண்டே இல்ல? பளபளன்னு இருக்குது பாரு."

எட்டிப் பார்த்தேன். கம்மோடில் உட்கார்ந்தால் தோளுக்கு வருகிற உயரத்தில், ஒரு கை அகலத்துக்குப் பச்சை பெயிண்ட் முழுக்கத் தேய்ந்து இரும்பு மின்னியது. மற்ற இடமெல்லாம் பெயிண்ட் அப்படியே இருந்தது.

மேஸ்திரி அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "ஐயா, எழுந்திருக்கிறப்போ நீங்கதான் இதைப் புடிச்சிக்கிறீங்களா?"

அப்பா மேஸ்திரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

"இல்லப்பா. பழைய குழாய். பெயிண்ட் போயிருக்கும்."

பெயிண்ட் உதிர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும், பளபளக்காது. முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்தவருக்கு அது தெரியாதா? எனக்கே தெரியும். ஒரு கை வருஷக்கணக்காகத் தினமும் பிடித்து எழுந்த இடம் அது. அதைப் பார்த்ததும் எனக்கு இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கூச்சம்தான் வந்தது. பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்துவிட்ட மாதிரி முகம் சூடாகிவிட்டது.

மேஸ்திரி விடவில்லை. "எதுக்கும் ஒரு கைப்பிடி போட்டுடலாங்கா. ஸ்டீல்ல விக்குது. ஆனா இந்தப் பாக்ஸ்ல போட முடியாது, உள்ள வெறும் பொந்து, இழுத்தா கையோட வந்துடும். கம்மோடுக்கு இடது பக்கம், மாடம் இருக்கிற சுவர் கெட்டி. கீழ் மாடம் வேணாம்னு சொல்லு, இப்பவே அடைச்சிட்டு அங்க கைப்பிடியைப் போட்டுடறேன். யாரு தொங்கினாலும் அசையாது."

"எனக்கு எதுக்குக் கைப்பிடி?" என்றார் அப்பா. குரல் உயர்ந்தது. "நான் இன்னா படுத்த படுக்கையாவா கெடக்குறேன்?" சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

நான் மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் அவர் மேஸ்திரியிடம் சொல்லியிருப்பார். ஆம்பளைக்கு ஆம்பளை, ஆமாம்பா, அதைப் புடிச்சாத்தான் எழுந்திருக்க முடியுது என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். நான் டீ போடுகிற சாக்கில் ஐந்து நிமிஷம் சமையலறைக்குப் போயிருந்தால் போதும். இது பின்னால் யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை. அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். தெரிந்தும் நின்றேன். மேஸ்திரி உளியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். முந்தின நாள் முடித்த கீழ் மாடம் வெள்ளையாக, பிசிறில்லாமல் இருந்தது.

"அவருதான் வேணாம்னு சொல்றாரே மேஸ்திரி. மாடம் இருக்கட்டும். குழாயை மூடுங்க" என்றேன்.

அவர் மூடினார். மறுநாள் சாயங்காலம் நான் வந்து பார்த்தபோது எது சுவர், எது பாக்ஸ் என்று சொல்ல முடியவில்லை.

ஆகஸ்டில் தம்பி குடும்பத்தோடு வந்தான். பாத்ரூமைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் பெண்டாட்டி தான் கொண்டுவந்த பாட்டில்களை மேல் மாடத்தில் அடுக்கினாள். பிள்ளைகள் இரண்டும் வெளியே வர மாட்டோம் என்று ஆட்டம் போட்டன. பதினைந்தாம் தேதி, மாதா திருநாள் பூசைக்குப் போய்விட்டு வந்த சொந்தக்காரர்கள் பத்துப் பேர் வரிசையில் நின்று பாத்ரூமைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரிடமும், "என் பையன் பண்ணினது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாதம் அவர் சரியாகவே சாப்பிடவில்லை. இரண்டு இட்லி வைத்தால் ஒன்றை ஒதுக்குவார். பிரியாணி செய்த அன்றைக்கு மோர் மட்டும் குடித்தார். "வயிறு மந்தமா இருக்குது" என்றார். நானும் கடையிலிருந்து ஜீரண மருந்து கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். பாத்ரூமுக்குப் போகும் தடவையைக் குறைக்கத்தான் மனுஷர் சோற்றைக் குறைத்திருக்கிறார். மருந்துக்கடையில் இருபது வருஷம் குப்பை கொட்டினவளுக்கு அது உறைக்கவில்லை பாருங்கள்.

செப்டம்பரில் அவர்கள் ஊருக்குப் போனார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் குளிக்கப் போனால், கீழ் மாடத்தின் ஓரத்து டைல்ஸ் பெயர்ந்து தரையில் கிடந்தது. சாய்வாக அறுத்துச் சேர்த்திருந்த அந்த முனை இரண்டாக உடைந்திருந்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. உடைந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஈரத் தலையோடு கூடத்துக்கு வந்தேன்.

"யாருப்பா இதை உடைச்சது? வீட்ல இருக்குறது ரெண்டு பேரு. எவ்ளோ ஆசையா கட்டினது! கொஞ்சம் பார்த்துப் புழங்கினா இன்னா?"

"கை பட்டுடுச்சிம்மா."

"கை பட்டா இப்படிப் பேந்துகிட்டு வருமா? இன்னொரு தடவை இதுல கை வைக்காதீங்க, சொல்லிட்டேன்."

"சரிம்மா" என்றார்.

அவர் சொல்பேச்சுக் கேட்கிற மனுஷர். மேஸ்திரியைக் கூப்பிட்டு அந்த ஓரத்தைச் சரி செய்தேன். அதற்குப் பிறகு அந்த மாடத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் ஒன்றரைக்குக் கடை சாத்தி, குடையோடு வீட்டுக்கு வந்தேன். தெருமுனையிலேயே எங்கள் வீட்டு ரேடியோ கேட்டது. கூடத்தில் அப்பா இல்லை. பாத்ரூம் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன்.

"அப்பா?"

"வராத." குரல் கீழேயிருந்து, தரையிலிருந்து வந்தது. "நீ வராதம்மா."

"விழுந்துட்டீங்களா? அப்பா! கதவை இடிச்சித் திறக்கவா?"

"வேணாம். நீ திறக்காத. யாராவது ஆம்பளையக் கூப்பிடு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன், நீ உள்ள வராத."

கொட்டுகிற மழையில் தெருவில் ஓடினேன். எதிர்வீட்டில் ஆம்பளை வேலைக்குப் போயிருந்தார். அடுத்த வீடு பூட்டியிருந்தது. ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடி, முகம் மட்டும் தெரிந்த ஒரு ஆட்டோக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் தோளால் முட்டித் தாழைப் பெயர்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அப்பாவுக்கு வேட்டியைச் சுற்றிவிட்டு அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார். யார் பெற்ற பிள்ளையோ, அந்த மரியாதை அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பா பதினொரு மணியிலிருந்து அங்கே கிடந்திருக்கிறார். கம்மோடுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் வலது கை மேலே நீண்டபடி கிடந்தார். பாக்ஸ் டைல்ஸின் மேல் ஈரமான விரல் தடம் நாலு, மேலிருந்து கீழாக வழுக்கிக்கொண்டு இறங்கியிருந்தது. நாலு மாதம் ஆகியும் அந்தக் கை பழைய இடத்தைத்தான் தேடியிருக்கிறது.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். "சோப்புத் தண்ணி வழுக்கிடுச்சிங்க" என்றார் அப்பா. தம்பி போனில் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். தரையில் சோப்புத் தண்ணீர் இல்லை. சோப்பு மாடத்தில் காய்ந்து கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அவர் சொன்னபோது நான் பக்கத்திலேயே நின்று தலையை ஆட்டினேன்.

அதற்கப்புறம் பதினொரு மாதம் படுக்கைதான். அவர் எதற்குப் பயந்தாரோ அதுதான் நடந்தது. ஆளுக்கு ஏற்பாடு செய்தேன், வந்தவர்கள் இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. கடைசியில் நான்தான் எல்லாம். முதல் நாள் அவர் குழந்தை மாதிரி அழுதார். "உன்னைப் போய் இதெல்லாம் செய்ய வச்சிட்டேனே" என்றார். மறுநாளிலிருந்து அழவில்லை. நான் வெந்நீரும் துணியும் கொண்டுவந்ததும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு, நான் முடித்துப் போர்வையை இழுத்துவிடும் வரை அருள் நிறைந்த மரியே செபம் சொல்லிக்கொண்டிருப்பார். சீக்கிரம் முடிக்கவேண்டும் என்று என் கை பறக்கும். அந்த நேரத்தில் ரேடியோவை நான்தான் சத்தமாக வைப்பேன்.

ஜனவரியில், உடற்பயிற்சி சொல்லித்தர வந்தவர் ஈஸ்டருக்குள் நடக்க வைத்துவிடலாம் என்று நம்பிக்கை கொடுத்தார். அன்றைக்கே மேஸ்திரிக்குச் சொல்லியனுப்பினேன். வந்தார். பாக்ஸை உடைக்கவேண்டும் என்றேன். எப்போதும் நொய்நொய் என்று பேசுகிற மனுஷர் சுத்தியலை எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போனார். கைப்பிடி வேண்டாம் என்று ஏன் சொன்னாய் என்று கேட்டிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். சுத்தியலின் இரண்டே அடியில் முன்பக்கம் விழுந்தது. உள்ளே சிலந்தி வலையும் சிமெண்ட் தூசியுமாகப் பச்சைக் குழாய் நின்றது. துணியால் துடைத்தார். அந்த ஒரு கை அகலத்தில் மட்டும் பழுப்பாகத் துரு பூத்திருந்தது.

சத்தம் கேட்டு அப்பா அறையிலிருந்து கூப்பிட்டார். "இன்னாம்மா இடிக்கிறாங்க?"

"குழாயைத் திறந்துட்டேம்பா. நீங்க நடக்கும்போது புடிச்சிக்கலாம்."

"தம்பி கோச்சிக்கப் போறான்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். உனக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை, எப்போதிலிருந்து தெரியும் என்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம். ஈஸ்டர் வந்தது, போனது. அவர் நடக்கவில்லை. அந்தக் குழாயை மறுபடியும் பிடிக்கவே இல்லை. செப்டம்பரில் ஒரு காலையில், நான் துணி மாற்றிக்கொண்டிருக்கும்போதே, மரியே சொல்லிக்கொண்டிருந்த வாய் நின்றுவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பியபடியே போய்விட்டார்.

தம்பி வரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் அவன் குளித்துவிட்டு வந்தான். தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான்: "இன்னாக்கா, அந்தப் பாக்ஸை உடைச்சிட்டியா? நல்லாத்தானே இருந்துச்சு. நான் போறதுக்குள்ள அந்த மேஸ்திரியக் கூப்பிடு, மூடிடலாம்."

பதினொரு மாதமாக அவனுக்கென்று நான் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். பீ மூத்திரம் அள்ளும்போதெல்லாம் ஒவ்வொன்றாகக் கோத்தது. உன் படத்தில் மனுஷன் இருந்தானாடா, வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து குளிக்கிறவனுக்கு வீட்டை மாற்றினோமே, அப்பன் எப்படி எழுந்திருப்பான் என்று ஒரு நாளாவது கேட்டாயா என்று. எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது.

"அப்பா அந்தக் குழாயைப் புடிச்சித்தான்டா எழுந்திருப்பாரு" என்றேன்.

துண்டு அவன் கையிலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தான், பாத்ரூமைத் திரும்பிப் பார்த்தான். அப்படியே அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். "எனக்குத் தெரியாதேக்கா. தெரிஞ்சிருந்தா மூடச் சொல்லியிருப்பேனா? அங்க வயசானவங்களுக்குன்னே விதவிதமா கைப்பிடி விக்கிறான். நானே வாங்கியாந்திருப்பேனே. ஒரு வார்த்தை சொல்லலையே அவரு." கொஞ்சம் அடங்கியதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "உனக்கு எப்பக்கா தெரிஞ்சுது?"

அவன் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. சும்மா கேட்டான்.

"அவரு விழுந்ததுக்கு அப்புறம்தான்" என்றேன்.

அவன் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். "நீ இன்னா பண்ணுவ? அவர் சொன்னாத்தானே நமக்குத் தெரியும். உன்னை மாதிரி யாருக்கா அவரைப் பார்த்துக்குவாங்க? உன் மேல எந்தத் தப்பும் இல்ல" என்றான்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.